கேசட் கேமில் தமிழ் எண்கள்: கடைசி 20 டைலை அழித்ததும் டைட்டில் திரை போய்விட்டது

ரோஸ்ஹில்_கேசட்

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுக்கிறாள். போன மாதம் கடையில் நின்றுகொண்டு நூறு ரூபாய்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது என்ன எழுத்து?" என்றாள். தமிழ் எண். நம் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பது நமக்குப் பெருமை. 1998-இல் தாளில் தமிழை ஹிந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று ஊரே கொதித்து, அந்தத் தாள்களையே திரும்பப் பெற வைத்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ௩ எது, ௬ எது என்று கேட்டால் எனக்கே தடுமாறுகிறது. அன்று வெட்கமாகப் போயிற்று.

வீட்டில் என் பழைய டிவி கேம் இருக்கிறது. சைக்ளோன் நாள்களில் பள்ளி மூடியிருக்கும், கரண்ட் போகும்வரை ஆடுவோம், அந்த மெஷின்தான். மகளும் இப்போது அதில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆடுகிறாள். ஸ்கோர், நேரம், காசு என்று திரை முழுக்க எண்கள். அவற்றைத் தமிழ் எண்ணாக மாற்றிவிட்டால் படிக்காமலே படித்துவிடுவாள் என்று தோன்றியது.

கேசட்டை ரீடரில் போட்டு கோப்பாக எடுத்தேன். கேமின் படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக (டைல்) காட்டும் டைல் எடிட்டரில் திறந்ததும் 0 முதல் 9 வரை வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் மேல் ௦ முதல் ௯ வரை வரைந்தேன். வேலை செய்தது! அப்புறம் பேராசை வந்தது. பெயர்களையும் தமிழில் போட இடம் தேடினேன். எடிட்டரின் கடைசியில் 20 டைல்கள் வெறும் புள்ளிக் குப்பையாக இருந்தன. யாரும் பயன்படுத்தாத இடம் என்று நினைத்து அங்கே தமிழ் எழுத்துகளை வரைந்தேன். இப்போது டைட்டில் திரை வருவதில்லை. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் கலைந்த கோடுகள்தான். ஆட்டத்தைத் தொடங்கினால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?

டர்பன்_எட்டுபிட்

வணக்கம் அண்ணா. முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 40,976 பைட் இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கப் புரிகிறது. முதல் 16 பைட் தலைப்பு. அதில் ஐந்தாவது பைட் நிரலின் அளவை 16 கேபி கணக்கிலும், ஆறாவது பைட் படங்களின் அளவை 8 கேபி கணக்கிலும் சொல்லும். இந்த ஆட்டத்தில் 2, 1. அதாவது 32,768 பைட் நிரல், 8,192 பைட் படம். எட்டுக்கு எட்டு புள்ளி உள்ள ஒரு டைலுக்கு 16 பைட். ஆக மொத்தம் 512 டைல். முதல் 256 மரியோ, காளான், ஆமை போன்று நகரும் உருவங்கள். அடுத்த 256 பின்புலம். பின்புலம் தொடங்கும் இடம் 36,880. அங்கே முதல் டைலே 0 என்ற எண்தான்.

(ஹெக்ஸ் என்ற பதினாறு அடிமான எண்ணில் எழுதாமல் சாதாரண எண்ணிலேயே எழுதுகிறேன், எல்லோருக்கும் புரியட்டும்.)

இப்போது உங்கள் "குப்பை". அது குப்பை இல்லை அண்ணா. 40,656-ஆவது பைட்டிலிருந்து 314 பைட்டுக்கு டைட்டில் திரையின் அமைப்பே இருக்கிறது. எந்த இடத்தில் எந்த டைலை வைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. நிரல் பகுதியில் இடம் போதாமல் அதைப் படப் பகுதியில் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது அதைப் படமாகப் பார்க்காமல் தரவாகப் படித்து நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். எடிட்டருக்கு அது தெரியாதே, எல்லாவற்றையும் படமாகவே காட்டும். கடைசி 20 டைலின் மொத்தம் 320 பைட், அதில் 314 இது. மீதி 6 பைட்தான் உங்களுக்கு.

1985-இல் 40 கேபிக்குள் முழு ஆட்டத்தையும் அடைத்தவர்கள், எந்த மூலையையும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் கலங்கலாகத் தெரியும் எதையும் தொடாதீர்கள், அது பெரும்பாலும் படமே அல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும். அசல் கோப்பிலிருந்து அந்த 320 பைட்டை மட்டும் வெட்டி உங்கள் கோப்பில் ஒட்டினால் டைட்டில் திரும்ப வந்துவிடும்.

எங்கள் ஊரில் இந்த மாதிரி மெஷினை கோல்டன் சைனா என்போம். டர்பனில் என் வயதுக்காரர்கள் வீட்டில் அது இருக்கும். உங்கள் பதிவைப் படித்ததும் அந்த 60 பின் கேசட்டை ஊதி ஊதிச் செருகியது நினைவுக்கு வந்துவிட்டது.

ரோஸ்ஹில்_கேசட்

தம்பி, வந்துவிட்டது! அப்படியே வெட்டி ஒட்டினேன், டைட்டில் திரும்பிவிட்டது. இரண்டு நாள் தூக்கம் கெட்டது இதற்காக. ரொம்ப நன்றி.

டைல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். புதிதாக வருகிறவர்களுக்காக ப என்ற எழுத்தை வைத்து எழுதிவைக்கிறேன்.

00000000
10000010
10000010
10000010
10000010
10000010
11111110
00000000

ஒவ்வொரு வரியும் ஒரு பைட். 0, 130, 130, 130, 130, 130, 254, 0. எட்டு பைட் ஆயிற்று. அடுத்த எட்டு பைட் அதே புள்ளிகளுக்கு இரண்டாவது அடுக்கு. இரண்டு அடுக்கிலும் 0 என்றால் பின்னணி, முதல் அடுக்கில் மட்டும் 1 என்றால் முதல் நிறம், இரண்டாவதில் மட்டும் என்றால் இரண்டாவது நிறம், இரண்டிலும் 1 என்றால் மூன்றாவது. நிறம் எது என்பது டைலில் இல்லவே இல்லை, நிரல்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் எடிட்டரில் மரியோ பச்சையாகவும் ஊதாவாகவும் தெரிகிறார். பயந்துவிட்டேன் முதலில்.

இன்னொரு கேள்வி. புதர்களைக் கரும்பாக மாற்றலாமா? நம் ஊர் மாதிரி இருக்கும்.

டர்பன்_எட்டுபிட்

மாற்றலாம், ஆனால் வானத்திலும் கரும்பு முளைக்கும். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே டைல்கள்தான். பேலட்டை, அதாவது நிறப் பட்டியலை மட்டும் மாற்றி ஒன்றை வெள்ளையாகவும் மற்றொன்றைப் பச்சையாகவும் காட்டுகிறார்கள்.

காத்ர்போர்ன்_டாஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கேசட் பக்கம் இல்லை, டாஸ் கேம்கள், அதாவது பழைய கணினி ஆட்டங்கள். ஒரு பழைய கேமின் தரவுக் கோப்பிலிருந்து 64,000 பைட் படம் ஒன்றை எடுத்தேன். 320க்கு 200, சரியாக இருக்கிறது. கூடவே இருந்த 768 பைட் பேலட்டையும் போட்டேன். உருவம் சரி, ஆனால் படம் நடுராத்திரி மாதிரி கருப்பாக இருக்கிறது. ஏன்?

டர்பன்_எட்டுபிட்

அந்தக் காலக் கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் விஜிஏ கார்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரைதான். உங்கள் மென்பொருள் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. 768 எண்ணையும் நான்கால் பெருக்குங்கள், விடிந்துவிடும். எல்லா டாஸ் கேமும் அப்படி இல்லை, டூம் என்ற கேம் தன் பேலட்டை 255 வரைதான் வைத்திருக்கிறது. கோப்பில் 63-க்கு மேல் ஒரு எண்கூட இல்லையென்றால் பெருக்க வேண்டும் என்று அர்த்தம்.

காத்ர்போர்ன்_டாஸ்

பெருக்கினேன். பளிச்சென்று வந்துவிட்டது. வாழ்க.

ஓய்வு_தமிழாசிரியர்

பிள்ளைகளே, வணக்கம். இந்த விளையாட்டுகள் எனக்குத் தெரியாது. பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். பழைய தமிழ் எண்முறையில் நூற்று இருபத்தைந்தை ௱௨௰௫ என்று எழுதுவார்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். சுழியம் வைத்து இடமதிப்பில் எழுதுவது பிற்கால வழக்கம். விளையாட்டில் ௦ போடுவது சரியாகுமா?

ரோஸ்ஹில்_கேசட்

ஐயா, நீங்கள் வந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். இந்த ஆட்டம் ஸ்கோரை ஒவ்வோர் இலக்கமாகத்தான் திரையில் வைக்கிறது. ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை ஒன்று. ௰ போட அதற்குத் தெரியாது. அதைச் செய்ய வேண்டுமானால் நிரலையே மாற்றி எழுத வேண்டும். அதனால் ௦ வேண்டியிருக்கிறது. யூனிகோடிலும் 2005-இல் தமிழ்ச் சுழியத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

ஓய்வு_தமிழாசிரியர்

அப்படியானால் சரி. குழந்தை ஒன்பது குறிகளையும் அடையாளம் கண்டுகொண்டால் போதும். ௰, ௱ பின்னால் நான் சொல்லித்தருகிறேன். வடிவங்களைக் கவனமாகப் போடுங்கள். ௧ ககரம் போல, ௨ உகரம் போல, ௪ சகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. ௫ ரு போல, ௬ சு போல, ௯ கூ போல. நாங்கள் படித்தபோது இப்படித்தான் மனப்பாடம்.

மஹேபூர்_எழுத்துரு

எழுத்துரு வரைவது என் வேலை. இந்த இழையைப் பார்த்ததிலிருந்து கை அரிக்கிறது. ரோஸ்ஹில் அண்ணா, எண்களோடு நிறுத்தாதீர்கள். ஆங்கில எழுத்துகள் இருக்கும் 26 டைல்களிலேயே தமிழ் எழுத்துகளைப் போடலாம். 10-ஆவது டைலில் தொடங்கி 35 வரை 26 பெட்டி. 36 வெற்று டைல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

திரையின் மேலே ஆங்கிலத்தில் இருக்கும் மரியோ (MARIO) என்ற பெயர் ஐந்து டைல்: 22, 10, 27, 18, 24. மரியோவைத் தமிழில் எழுதினால் ம, ரி, இரட்டைக்கொம்பு, ய, துணைக்கால். அதுவும் ஐந்து! கணினிக்குத் தட்டச்சு செய்வது போல யோவை ஓர் எழுத்தாக நினைக்காதீர்கள். கையால் எழுதும்போது இடமிருந்து வலமாக என்ன வருகிறதோ அதுதான் டைல் வரிசை. நேரம் என்றால் இரட்டைக்கொம்பு, ந, ர, ம். நான்கு டைல், ஆங்கிலத்திலும் அங்கே நான்குதான். உலகம் நான்கு, அங்கே ஐந்து இருக்கிறது, மீதியில் 36 போட்டுவிடலாம்.

எட்டுப் புள்ளி உயரத்தில் ம் இப்படி வரும்:

00010000
00000000
10001100
10010010
10010010
10010010
11111100
00000000

புள்ளிக்கு ஒரு வரி, இடைவெளிக்கு ஒரு வரி, எழுத்துக்கு ஐந்து. வலது ஓரத்து நெடுவரிசையைக் காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ள மட்டும் என்னைப் படாதபாடு படுத்துகிறது, ஏழு புள்ளி அகலத்தில் சுழியும் இரண்டு காலும் திணற வேண்டியிருக்கிறது.

டர்பன்_எட்டுபிட்

அக்கா, அருமை. ஆனால் 26 டைலையும் தமிழாக்கினால் ஆட்டத்தில் வரும் மற்ற ஆங்கில வாசகங்கள் எல்லாம் குழம்பும். அவற்றையும் மாற்ற வேண்டும். கோட்டை முடிவில் வரும் நன்றி, இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்ற செய்தி, ஆட்டம் முடிந்தது, ஒருவர், இருவர் தேர்வு.

செய்திகள் நிரல் பகுதியில் இருக்கும் அமைப்பு எளிது. திரையில் எந்த இடம் என்று 2 பைட், எத்தனை டைல் என்று 1 பைட், அப்புறம் டைல் எண்கள், கடைசியில் 0. நன்றிச் செய்தி 16 டைல். இளவரசிச் செய்தி இரண்டு வரி, 22-ம் 15-ம். அந்த அளவைத் தாண்டாமல் எழுதி, மீதியை 36-ஆல் நிரப்பினால் எதுவும் உடையாது.

மஹேபூர்_எழுத்துரு

நேற்றிரவு முழுக்க இதே வேலை. மரியோ, உலகம், நேரம், "நன்றி மரியோ!", முடிந்தது, ஒருவர், இருவர், "இளவரசி இல்லை". வேறுபட்ட வடிவங்களை எண்ணினேன்.

ம, ரி, இரட்டைக்கொம்பு, ய, துணைக்கால், உ, ல, க, ம், ந, ர, ன், றி, மு, டி, ந், த, து, ஒ, ரு, வ, ர், இ, ள, சி, ல், இணைக்கொம்பு.

27. ஒன்று அதிகம்! இளவரசியை விட்டுவிட மனமில்லை. ரகரத்தையும் துணைக்காலையும் ஒரே டைலாக்கிவிடலாமா? எட்டுப் புள்ளியில் வித்தியாசம் அடியில் ஒரு சின்ன வால்தான்.

ஓய்வு_தமிழாசிரியர்

ஓலைச்சுவடியில் அப்படித்தான் இருந்தது அம்மா. ரகரமும் காலும் ஒன்று போலவே எழுதுவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். இடம் குறைவாக இருந்தால் எழுத்து இப்படித்தான் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. ஆனால் எழுதப் பழகும் குழந்தைக்கு இது வேண்டாம். அவளுக்குப் புள்ளியும் வேண்டும், ரகரத்தின் வாலும் வேண்டும்.

ரோஸ்ஹில்_கேசட்

நானும் ஐயா பக்கம்தான். தவறான எழுத்தைப் பழக்கிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம். உலகத்தை எடுத்துவிட்டு களம் என்று போட்டால்? ள ஏற்கெனவே இருக்கிறது, உ மிச்சமாகும்.

ஓய்வு_தமிழாசிரியர்

எதற்குத் தம்பி? உங்களிடம் உ இருக்கிறதே. ௨ என்ற எண்ணைத்தான் வரைந்துவிட்டீர்கள். அச்சிலும் கையெழுத்திலும் அதற்கும் உகரத்துக்கும் வேறுபாடு கிடையாது. அந்த டைலையே உலகத்துக்கும் பயன்படுத்துங்கள்.

மஹேபூர்_எழுத்துரு

ஐயா!!! 26!!! சரியாக 26!

இதை நான் பார்க்காமல் விட்டேனே. அப்படியானால் ௮ வழியாக அகரமும், ௭ வழியாக எகரமும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து எண்களில் மூன்று எழுத்து நமக்கு இனாம்.

டர்பன்_எட்டுபிட்

கண் கலங்கிவிட்டது ஐயா. எங்கள் வீட்டில் பாட்டியோடு தமிழ் நின்றுவிட்டது, நான் பெரியவன் ஆனபின் கோவில் வகுப்பில் போய்ப் படித்தேன். எண்ணும் எழுத்தும் ஒன்றாக இருந்ததை ஒரு டிவி கேம் கோப்பில் கண்டுகொள்வேன் என்று நினைக்கவில்லை.

ஆனால் இரண்டாவது ஆட்டக்காரரை எல்லோரும் மறந்துவிட்டோம். லூயிஜி! 21, 30, 18, 16, 18. லூ, யி, ஜி எதுவும் நம் பட்டியலில் இல்லை.

மஹேபூர்_எழுத்துரு

பட்டியலில் இருப்பதை வைத்தே ஒரு பெயர் வைத்துவிடலாம். து, இணைக்கொம்பு, ர. துரை! மூன்று டைல், பின்னால் இரண்டு வெற்று. டைட்டிலில் அதிகபட்ச ஸ்கோருக்கு முன்னால் வரும் மூன்றெழுத்துக்கு இரட்டைக்கொம்பு, ம, ல்: மேல். குழாய் வழியாக உலகம் தாண்டும் இடத்தில் வரும் வரவேற்புக்கு வ, ரு, க: வருக. எல்லாம் கையிலேயே இருக்கிறது.

ரோஸ்ஹில்_கேசட்

என் அப்பா பெயரில் துரை உண்டு. அதுவே இருக்கட்டும்.

மூன்று இரவு உட்கார்ந்து முடித்தேன். ஒருவர், இருவர், மேல் மூன்றும் அந்த 314 பைட்டுக்குள் இருப்பதால் கை நடுங்கியபடியே மாற்றினேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டேன். டைட்டிலின் அடியில் 1985 என்று இருந்த இடத்தில் நான் தொடாமலே ௧௯௮௫ என்று வந்திருக்கிறது, அதே எண் டைல்கள்தானே. பக்கத்தில் இருக்கும் நிறுவனப் பெயர் மட்டும் இப்போது தமிழ் எழுத்துகளாகக் கலைந்து நிற்கிறது. அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை. எட்டாவது உலகம் முடித்ததும் வரும் கடைசிச் செய்தியும் பாக்கி.

கோப்பை இங்கே ஏற்றலாமா?

டர்பன்_எட்டுபிட்

கோப்பை வேண்டாம் அண்ணா, அது அவர்கள் ஆட்டம். ஐபிஎஸ் பேட்ச் செய்து போடுங்கள். அதில் அசல் ஆட்டம் இருக்காது, நீங்கள் மாற்றியது மட்டும் இருக்கும்: இடத்துக்கு 3 பைட், அளவுக்கு 2 பைட், அப்புறம் புதிய பைட்டுகள். சொந்தக் கேசட்டிலிருந்து எடுத்தவர்கள் தங்கள் கோப்பில் பொருத்திக்கொள்ளலாம். அவர்கள் கோப்பும் 40,976 பைட்தானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆட்டம் சேர்ந்த கேசட்டாக இருந்தால் இடங்கள் எல்லாம் மாறியிருக்கும்.

ரோஸ்ஹில்_கேசட்

பேட்ச் போட்டுவிட்டேன். 26 பெட்டியில் எது எங்கே என்ற பட்டியலும் கூட இருக்கிறது.

இன்று மாலை மகள் ஆடினாள். முதல் உலகத்தில் நேரம் ௪௦௦-இல் தொடங்கி இறங்குமே, அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓடினாள். மூன்று தடவை குழியில் விழுந்தாள், கண் முழுக்க மேலேயே இருந்தது. ௬-ஐயும் ௯-ஐயும் மட்டும் ஓட்டத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்கிறாள். மஹேபூர்த் தங்கை, ௯-இன் வலது சுழியை ஒரு புள்ளி மேலே தூக்கி வரைந்து தருகிறீர்களா? நாளை சனிக்கிழமை, காலையிலேயே கேட்பாள்.

மஹேபூர்_எழுத்துரு

இப்போதே தருகிறேன் அண்ணா. பத்து நிமிடம்.